மலைச்சரிவில் மனோ சிகிச்சை

பொழுது புலருமுன்பே போடிநாயக்கனூர் வீதிகளில் ஜீப்புகளின் ஓசை கேட்கத் தொடங்கிவிடுகிறது. தூக்குவாளியும் தலைத்துண்டும் மழைக்குப் போர்த்தும் சாக்குமாக ஸ்திரீகள் நெருக்கியடித்து ஏறுகிறார்கள். 17 கொண்டையூசி வளைவுகளைக் கடந்து போடிமெட்டை அடைந்து, அப்பால் இடுக்கி ஜில்லாவின் ஏலத் தோட்டங்களில் இறங்கி, ஈரமண்ணில் குந்தியிருந்து, செடியின் அடியில் படரும் சரங்களிலிருந்து காய் பறித்து, பொழுது சாய்ந்தபின் அதே ஜீப்பில் திரும்புகிறார்கள். இவர்களுடைய கூலியைப்பற்றி நாம் பன்முறை எழுதியிருக்கிறோம். ஜீப்புகளில் அளவுக்கு மீறி ஆள் ஏற்றும் கொடுமையைப்பற்றியும் எழுதியிருக்கிறோம். இவர்களுடைய மனத்தைப்பற்றி இதுவரை ஒரு வரியும் எழுதினோமில்லை. அக்குற்றத்தை முதற்கண் ஒப்புக்கொண்டே இன்று பேனாவை எடுக்கிறோம்.

"வயிற்றுக்கே வழியில்லாதவனிடம் மனோதத்துவம் பேசுவதா? அது பட்டணத்துச் சீமான்களின் பொழுதுபோக்கல்லவா?" என்று நமது நண்பர்களிற் சிலர் நகைப்பார்கள். நாமும் ஒரு காலத்தில் அவ்வாறு நகைத்தவர்தாம். நம்முடைய நகைப்பை நிறுத்திய ஒரு சம்பவத்தைச் சொல்லிவிடுகிறோம்.

நாம் வக்கீல் தொழிலில் இறங்கிய புதிதில், தோட்டக் கூலிப் பெண் ஒருத்தியைப் போலீஸார் கோர்ட்டில் கொண்டுவந்து நிறுத்தினார்கள். தன் உயிரைத் தானே போக்கிக்கொள்ள முயன்றாள் என்பது வழக்கு. 1860-ம் வருஷத்து இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 309-ம் பிரிவின்படி அது ஓராண்டுவரை சிறைக்கோ அபராதத்துக்கோ உரிய குற்றம். பிழைத்தெழுந்த நோயாளியைச் சட்டம் குற்றவாளியாக்கியது. நாமும் எல்லா வக்கீல்களும் சொல்லும் யோசனையைத்தான் சொன்னோம்: "குற்றத்தை ஒப்புக்கொள் அம்மா, சிறிய அபராதத்தோடு போய்விடும்" என்றோம். அவ்வாறே ஆயிற்று. வராந்தாவில் நின்று அவள் நம்மைக் கேட்டது ஒன்றேதான்: "ஐயா, இந்தப் பணம் எனக்கு எத்தனை நாள் கூலி?" ஏன் அம்மா இப்படிச் செய்தாய் என்று அவளைப் போலீஸார் கேட்கவில்லை, மாஜிஸ்திரேட் கேட்கவில்லை, நாமும் கேட்கவில்லை. சட்டம் படித்த நமக்கு அக்கேள்வி தோன்றவேயில்லை என்பதுதான் இன்றளவும் நம்மை உறுத்துகிறது.

அப்பிரிவின் சரித்திரம் நீண்டது. 1994-ல் சுப்ரீம் கோர்ட் அது செல்லாதென்று தீர்ப்பளித்தது. 1996-ல் அதே கோர்ட்டின் அரசியல் சாசன பெஞ்சு அதற்கு மீண்டும் உயிர் கொடுத்தது. 2017-ம் வருஷத்து மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 115-ம் பிரிவுதான் அதன் பல்லைப் பிடுங்கியது. உயிரைப் போக்கிக்கொள்ள முயன்றவர் கடுமையான மன அழுத்தத்தில் இருந்தாரென்றே அனுமானிக்க வேண்டும், அவரைத் தண்டிக்கலாகாது, அவருக்குச் சிகிச்சையும் மறுவாழ்வும் அளிப்பது சர்க்காரின் கடமை என்று அது கூறுகிறது. 2024 ஜூலை முதல் தேதி அமலுக்கு வந்த புதிய தண்டனைச் சட்டத்தில் பழைய 309 இடம்பெறவில்லை. உத்தியோகஸ்தர் ஒருவரை நிர்ப்பந்திக்கும் பொருட்டு உயிரை விட முயல்வது மாத்திரம் குற்றமாக வைக்கப்பட்டிருக்கிறது. உண்ணாவிரதம் கண்ட தேசத்தில் இந்த மிச்சம் எதற்கு என்று கேட்கலாம். அது வேறொரு நாளைக்குரிய விவாதம்.

நமக்கு வேண்டியது அந்த 2017-ம் வருஷத்துச் சட்டத்தின் 18-ம் பிரிவு. மனநலச் சிகிச்சை பெறுவது ஒவ்வொருவருக்கும் உரிமை என்கிறது அது. சாதாரண வைத்தியத்தின் எல்லாப் படிகளிலும், ஆரம்ப சுகாதார நிலையம் உட்பட, இச்சிகிச்சையைச் சேர்க்கவேண்டும் என்கிறது. நோயுற்றவர் எவரும் சிகிச்சைக்காக வெகுதூரம் பயணம் செய்யும்படி விடலாகாது என்றும் சொல்கிறது. 'வெகுதூரம்' என்பது எத்தனை மைல்? சட்டம் சொல்லவில்லை. குரங்கணியிலும் கொட்டகுடியிலும் இருப்பவனுக்கு, போடியைத் தாண்டி, தேனியைத் தாண்டி, க. விலக்கிலுள்ள மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரி வெகுதூரமா, அல்லவா? மலைக்குப் போகும் பெண்ணுக்கோ தூரத்தை மைலால் அளக்கவே முடியாது. சர்க்கார் ஆஸ்பத்திரிகளில் புறநோயாளிச் சீட்டுப் பெரும்பாலும் காலையில்தான் கொடுக்கிறார்கள். அந்நேரத்தில் அவள் வேறொரு ராஜ்யத்தில், ஏலச்செடியின் அடியில் இருக்கிறாள். டாக்டரைப் பார்க்கவேண்டுமானால் ஒருநாள் கூலியை விடவேண்டும். இரண்டு வாரத்துக்கொருமுறை வா என்றால் இரண்டு வாரத்துக்கொரு கூலி. இந்தக் கணக்கு எந்தச் சட்டப் புத்தகத்திலும் இல்லை.

ஆதலால் நோய் வேறு வழிகளில் வெளிப்படுகிறது. இம்மலைச்சரிவில் யாரும் டாக்டரிடம் போய் "எனக்கு மனச்சோர்வு" என்று சொல்வதில்லை. நெஞ்சு படபடக்கிறது, தலை கனக்கிறது, கை கால் அசந்து போகிறது, தூக்கம் பிடிக்கவில்லை என்பார்கள். கடைசியில் தயங்கித் தயங்கி, "யோசனையாவே இருக்கு" என்பார்கள். ஓர் ஊசியும் சத்து மாத்திரையும் கொடுத்து அனுப்பப்படுகிறார்கள். ஊசியில் தீராதபோது கோடாங்கியிடம் போகிறார்கள். உடுக்கை ஒலிக்கிறது, குறி சொல்லப்படுகிறது, கயிறு கட்டப்படுகிறது.

கோடாங்கியைப் பழிப்பது படித்தவர்களுக்கு எளிது. நாம் அதைச் செய்யப்போவதில்லை. டாக்டர் கேட்காத கேள்விகளை அவன் கேட்கிறான். வீட்டில் யாரோடு மனஸ்தாபம், யார் இறந்தார்கள், கொடுத்த கடன் வந்ததா, எந்த நாளிலிருந்து இப்படி என்கிறான். சுற்றத்தார் கூடியிருக்க ஒரு பெண் தன் துக்கத்தை வாய்விட்டுச் சொல்ல அவன் இடங்கொடுக்கிறான். ஆனால் அவ்வழி எங்கே போய் முடியக்கூடும் என்பதையும் தமிழ்நாடு கண்டிருக்கிறது. 2001 ஆகஸ்டு 6-ம் தேதி ஏர்வாடியில் ஒரு கொட்டகை தீப்பற்றியபோது, சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்த 28 பேர் ஓட வழியின்றி வெந்து மாண்டார்கள். பாபத்தைச் செய்தது சங்கிலி மாத்திரமல்ல. அவர்களை அங்கே கொண்டுபோய்விட்ட குடும்பங்களுக்குப் பக்கத்தில் வேறு கதியில்லாமற் போனதும்தான். மனநோயாளியை எவ்விதத்திலும் சங்கிலியிடலாகாது என்று இப்போதைய சட்டத்தின் 95-ம் பிரிவு திட்டமாகத் தடுக்கிறது.

ஆண்களின் வழியோ வேறு. அவர்களுடைய துக்கத்துக்குச் சர்க்காரே மலையடிவாரம்வரை தவறாமல் மருந்து கொண்டுவந்து சேர்க்கிறது. அது புட்டியில் வருகிறது. அந்தப் புட்டியே வீட்டிலுள்ளவளுக்கு நோயாகிறது. இதற்குமேல் இதை விரிக்க வேண்டியதில்லை.

இனி, மனோ சிகிச்சை என்பது யாது? அது மேனாட்டுச் சரக்கு என்று எண்ணுவோர் ஒன்றை அறியவேண்டும். கல்கத்தாவில் டாக்டர் கிரீந்திரசேகர போஸ் 1922-லேயே இந்திய மனோபகுப்பாய்வுச் சங்கத்தை நிறுவினார். வியன்னாவிலிருந்த பிராய்டுக்குக் கடிதமெழுதி, அவருடைய கொள்கைகளோடு மாறுபட்டும் வாதித்தார். நமது வேலூரில், கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி 1957-ல் தொடங்கிய மனநல நிலையத்தில் நோயாளியோடு குடும்பத்தாரும் வந்து தங்கும் முறை வேரூன்றியது. நோயாளியை வீட்டாரிடமிருந்து பிரித்து மதிலுக்குள் அடைப்பதே வைத்தியம் என்றிருந்த உலகத்துக்கு அது ஒரு பாடமாயிற்று.

ஆனால் போடிக்கு மிக வேண்டிய பாடம் கோவாவிலிருந்து வருகிறது. அங்கே ஆரம்ப சுகாதார நிலையங்களுக்கு வந்தவர்களில் கடும் மனச்சோர்வுற்றோரைத் தேர்ந்து, அவர்களிற் பாதிப்பேருக்கு, மனோ வைத்தியம் படித்திராத உள்ளூர்வாசிகளையே பயிற்றுவித்து, ஆறு முதல் எட்டு முறை பேசச் செய்தார்கள். மனம் தேறினால் எழுவோம் என்று காத்திராமல், முதலில் சிறியதொரு காரியத்தைச் செய்யவைப்பதே அச்சிகிச்சையின் சாரம். நின்றுபோன கோலம், விட்டுப்போன உறவினர் வீடு, தள்ளிப்போட்ட ஒரு வேலை, இவற்றில் ஒன்றை இந்த வாரம் செய்துபார் என்று சொல்லி, அடுத்த வாரம் அதைப்பற்றி விசாரிக்க வேண்டும். மூன்று மாதத்தில், இப்பேச்சைப் பெற்றவர்களில் நூற்றுக்கு 64 பேர் மனச்சோர்வு நீங்கினார்கள். பெறாதவர்களில் 39 பேரே. இந்த ஆராய்ச்சி 2017-ல் லான்செட் என்னும் வைத்தியப் பத்திரிகையில் வெளியாயிற்று.

ஆப்பிரிக்காவிலுள்ள ஜிம்பாப்வே தேசத்தில் டாக்டர் டிக்சன் சிபாண்டா 2006-ல் 14 பாட்டிமார்களைக் கொண்டு இதையே வேறு விதமாகத் தொடங்கினார். ஆஸ்பத்திரி வளாகத்தில் ஒரு மரப்பலகை. அதில் ஒரு பாட்டி. பக்கத்தில் வந்து உட்காருபவர் தம் குறையைச் சொல்லலாம். அந்நாட்டார் மனச்சோர்வுக்கு வழங்கும் சொல்லின் பொருள் 'மிகையாக யோசிப்பது' என்பதாம். நம் பெண்களின் 'யோசனையாவே இருக்கு' என்பதிலிருந்து அது எத்தனை தூரம்?

அத்தகைய பாட்டிமார் போடியில் இல்லையா? ஏலக்காய்க் கிட்டங்கிகளில் உட்கார்ந்து காயைத் தரம் பிரிக்கும் மூதாட்டிகளைப் பாருங்கள். எட்டு மில்லிமீட்டர்க் காய் எது, ஏழு எது என்று சல்லடை சொல்லுமுன் விரல் சொல்லிவிடும். 2019 ஆகஸ்டில் கிலோ 7,000 ரூபாய்வரை ஏறிய காயும், சில ஆண்டுகளில் ஆயிரத்துக்குக் கீழே சரிந்த காயும் அவர்கள் கைவழியே போனவைதாம். யார் வீட்டில் என்ன நடக்கிறது என்பதும் அவர்களுக்குத் தெரியும். தெரியாதது ஒன்றே: கேட்டதை வெளியிற் சொல்லாதிருக்கும் கட்டுப்பாடும், எந்த நோயாளியை உடனே டாக்டரிடம் அனுப்பவேண்டும் என்னும் அறிவும். அதற்குத்தான் பயிற்சி. 2004 டிசம்பரில் கடற்கோள் நம் கரையை அழித்தபின், பெங்களூர் மனநல ஸ்தாபனத்தார் சாதாரணத் தொண்டர்களைப் பயிற்றிக் கடலோர ஜனங்களிடையே அனுப்பியதை நாம் மறந்துவிடலாகாது. அலைக்குச் செய்தது மலைக்கு ஏன் கூடாது?

2018 மார்ச்சு 11-ம் தேதி குரங்கணிக் காட்டுத்தீயில் சிக்கி 23 பேர் மாண்டார்கள். விசாரணை நடந்தது, அறிக்கை வந்தது, மலையேறுவோருக்கு விதிகள் பிறந்தன. அன்றிரவு தீயில் வெந்தவர்களைச் சரிவிலிருந்து சுமந்திறக்கிய கிராமத்து இளைஞர்கள் அதற்கப்புறம் எப்படி உறங்கினார்கள் என்று கேட்டு எழுதிய அறிக்கை எதையும் நாம் படித்ததில்லை.

'மக்களைத் தேடி மருத்துவம்' என்று 2021 ஆகஸ்டில் இம்மாகாண சர்க்கார் தொடங்கிய திட்டத்தில், உள்ளூர்ப் பெண்களே வீடு வீடாகச் சென்று இரத்த அழுத்தமும் நீரிழிவும் பார்க்கிறார்கள். கருவியோடு வாசற்படி ஏறியவள், "தூக்கம் வருகிறதா அக்கா? எதிலாவது மனம் செல்கிறதா?" என்று கேட்டு, பதிலைப் பொறுமையாகக் கேட்க எவ்வளவு செலவாகும்? போடி தாலுகாவில் அப்பெண்களுக்கே முதலில் இப்பயிற்சி அளிக்கவேண்டும். 14416 என்னும் எண்ணில் மத்திய சர்க்கார் 2022 அக்டோபரிலிருந்து இலவசமாக நடத்தும் மனநலத் தொலைபேசியில் தமிழிலும் பேசலாம். அந்த எண்ணை ஒவ்வொரு ஜீப்பின் உட்புறத்திலும் எழுதிவைக்கலாம்; ஜீப் சொந்தக்காரர்களை இதற்கு நாமே அணுகப்போகிறோம்.

பூச்சிமருந்து விஷயத்தையும் சொல்லாமல் விடலாகாது. ஏலத்தைப்போல மருந்து குடிக்கும் பயிர் அதிகமில்லை. கொடிய நஞ்சு குடிசைக்குள்ளேயே இருக்கிறது. இலங்கையில் 1995-ல் லட்சத்துக்கு 47 பேர் தம்முயிரை மாய்த்துக்கொண்டார்கள். மிகக் கொடிய நஞ்சுகளை ஒவ்வொன்றாகத் தடுத்தபின், இருபது ஆண்டுகளில் அத்தொகை மூன்றில் ஒரு பங்களவுக்குக் குறைந்தது. விளைச்சலும் அதனால் வீழவில்லை. துக்கத்தின் உச்சிவேளை சில நாழிகையே நிற்பது. அந்நாழிகையில் நஞ்சு கைக்கெட்டாதிருந்தால் பலர் மறுநாளைக் காண்கிறார்கள். தோட்ட முதலாளிகள் மருந்தைக் குடியிருப்பில் வைக்கவிடாமல் பூட்டிய அறையில் வைக்கும்படி இரு ராஜ்யத்து அதிகாரிகளும் கட்டாயப்படுத்தவேண்டும்.

இரு ராஜ்யம் என்றதும் ஒரு சொல். இப்பெண்கள் வாழ்வது தமிழ்நாட்டில், உழைப்பது கேரளத்தில். 2011 டிசம்பரில் முல்லைப் பெரியாற்றுத் தகராறு முற்றியபோது, அஞ்சி மலையிறங்கி வந்தவர்களும் இவர்களே. வேலையிடத்தில் நேர்ந்த அவமானத்துக்கும் அச்சத்துக்கும் சிகிச்சை தருவது எந்தச் சர்க்காரின் கடமை? சட்டம் 'உரிய சர்க்கார்' என்கிறது. எல்லைச் சாவடியின் இருபுறத்தாரும் அது மற்றவரைக் குறிப்பதாக எண்ணிக்கொண்டிருக்கக் கூடாது. தேனிக் கலெக்டரும் இடுக்கிக் கலெக்டரும் ஒருநாள் போடிமெட்டில் உட்கார்ந்து பேசினால் தீரும் காரியம் இது.

நமது தேசத் தொண்டர்களுக்கும் ஒரு வார்த்தை. மேடையேறிப் பேச நாம் நன்கு கற்றிருக்கிறோம், கேட்கக் கற்கவில்லை. துயருற்றவன் முன் உட்கார்ந்ததும், "தைரியமாயிரு, எல்லாம் சரியாய்ப் போகும்" என்று பிரசங்கம் தொடங்கிவிடுகிறோம். அவ்வார்த்தை அவன் வாயை அடைக்கிறது. இப்பயிற்சிக்கு முதலில் வரவேண்டியவர்களில் நாமும் சேர்ந்தவர்தாம்.

ஜில்லா அதிகாரிகளிடம் நாம் இன்று கேட்பது சிறிது. போடி சர்க்கார் ஆஸ்பத்திரியில், தோட்ட வேலையில்லாத ஞாயிற்றுக்கிழமைகளில், மாலை நான்கு மணியிலிருந்து ஏழு மணிவரை, கதவுள்ள ஓர் அறை வேண்டும். அதில் மனோ வைத்தியம் அறிந்த ஒரு டாக்டரும், பயிற்சி பெற்ற இரண்டு பெண்களும் இருக்கவேண்டும். இதற்குப் புதிய கட்டடம் வேண்டாம். புதிய சட்டமும் வேண்டாம். 18-ம் பிரிவே போதும். எந்த ஞாயிற்றுக்கிழமையிலிருந்து என்பதை மாத்திரம் அறிய விரும்புகிறோம்.