கிரிஃபினின் கை பழகிய இடம்

1960களின் சான் பிரான்சிஸ்கோ ராக் இசை நிகழ்ச்சிச் சுவரொட்டிகள் என்றாலே எல்லாப் பெருமையையும் எல்எஸ்டி போதையின் கணக்கில் எழுதிவிடுவது வழக்கமாகிவிட்டது. ஓவியர் ரிக் கிரிஃபின் விஷயத்தில் இந்தக் கணக்கு உதைக்கிறது. 1966இல் அந்த நகரத்துக்குக் குடிபெயரும் முன்பே அவருடைய கை பழகிவிட்டது. பழக்கியது கடற்கரை.

தெற்கு கலிஃபோர்னியாவில் அலைச்சறுக்கோடு வளர்ந்த கிரிஃபின், ஜான் செவர்சனின் ‘சர்ஃபர்’ என்ற அலைச்சறுக்கு இதழில் 1961இல் ‘மர்ஃபி’ சித்திரத் தொடரைத் தொடங்கியபோது இருபது வயதுகூட ஆகவில்லை. ‘கிட்ஜெட்’ (1959) போன்ற ஹாலிவுட் படங்கள் அலைச்சறுக்கர்களை ஊராருக்கு வேடிக்கை காட்டின. மர்ஃபியோ அவர்களுக்குள்ளேயே புழங்கிய கேலி. வெளியாள் சிரிக்க வேண்டும் என்ற கவலையே அதில் இல்லை.

சுவரொட்டிக்கும் இதே மனப்பாங்கோடுதான் வந்தார். சக ஓவியர் விக்டர் மோஸ்கோசோ, யேல் பல்கலைக்கழகத்தில் நிறக் கோட்பாட்டாளர் ஜோசப் ஆல்பர்ஸிடம் பயின்றவர். நிறங்களை மோதவிட்டுக் கண்ணைக் கூசவைத்தார். சித்திரக்கதைக்காரரான கிரிஃபினின் பலம் கறுப்பு மைக்கோடு. நெளிந்து வீங்கும் அவருடைய எழுத்துகளை நின்று நிதானித்தால்தான் படிக்க முடியும். விளம்பரத்துக்கு இது குறையல்லவா? இல்லை. படிக்க மெனக்கெடுபவன்தான் அந்த இசை அரங்கின் ரசிகன்.

1968 பிப்ரவரியில் ராக் இசைக் கலைஞர் ஜிமி ஹெண்ட்ரிக்ஸின் நிகழ்ச்சிகளுக்காக அவர் வரைந்த ‘பறக்கும் கண்’ணைப் பாருங்கள். ரத்த நாளங்கள் புடைத்த விழி, இறக்கை, பாம்பு வால், நகங்களின் பிடியில் ஒரு மண்டையோடு. 1963 வாகன விபத்தில் அவர் கண்ணில் பட்ட காயமே இதற்கு மூலம் என்பார்கள். சுவையான கதைதான்; ஆனால் இறக்கை முளைத்த விழி அதற்கு முன்பே வான் டச் என்ற கார் ஓவியரின் முத்திரையாக இருந்தது. கலிஃபோர்னிய இளைஞர்களின் காரும் அலைப்பலகையும்தான் கிரிஃபினின் கலைப்பள்ளி.

உள்வட்டத்துக்காக வரைந்தது வெளியே போகாமலும் இல்லை. 1967இல் வெளிவரத் தொடங்கிய ‘ரோலிங் ஸ்டோன்’ இசை இதழின் முதல் தலைப்பெழுத்து அவருடையது. செவர்சனின் ‘பசிஃபிக் வைப்ரேஷன்ஸ்’ (1970) படச் சுவரொட்டியில் அலையும் ராக் சுவரொட்டிகளின் சைக்கடெலிக் பாணியும் ஒன்றுகலந்தன. அலைச்சறுக்கு உலகம் தன்னைப் பார்த்துக்கொள்ளும் விதம் அதன் பிறகு பழையபடி இல்லை.

1970 வாக்கில் கிரிஃபின் தீவிரக் கிறிஸ்தவரானார். பின்னர் யோவான் நற்செய்திக்கு வரைந்த படங்களிலும் அதே மை, அதே கோடு. போதைதான் ஊற்று என்பவர்கள் ஏனோ இந்தப் படங்களின் பக்கம் போவதேயில்லை.