மலைக்கு மருத்துவர் வருவது எவ்வாறு?

மருத்துவம் அறிவியல், அதில் அரசியலுக்கு என்ன வேலை என்று வினவுவார் உளர். உடல் நோயுறுவது இயற்கையே. ஆனால், நோயுற்றவன் வாயிலுக்கு மருத்துவர் வருவதும் வாராமையும் இயற்கையல்ல, அரசியல்!

சேலத்தினின்று இருபது கொண்டையூசி வளைவுகள் ஏறினால் ஏற்காடு. அச்சேர்வராயன் மலைச் சிற்றூர்களுள் ஒன்று வெள்ளக்கடை. அம்மலையின் தொல்குடிகள் மலையாளி எனப்படும் பழங்குடியினர். பெயர் கேட்டு மருள வேண்டா. அவர்கள் தமிழ் பேசும் தமிழரே. 1820-களில் சேலம் ஆட்சியராயிருந்த காக்பர்ன் அம்மலையில் குளம்பிப் பயிரைக் கால்கொள்ளச் செய்தார். தோட்டத்திற்கு வெள்ளையன் வழி கண்டான். தோட்டத்தில் உழைத்தவனின் காய்ச்சலுக்கு வழி காண எவன் இருந்தான்?

வழி கண்டது தமிழ்நாட்டின் குமுகாயப் புரட்சி. அரசுப் பணிகளில் எல்லா வகுப்பார்க்கும் பங்கு வேண்டுமென நயன்மைக் கட்சியாட்சி 1921-இல் ஆணையிட்டது. அம்முறை பின்னர்க் கல்லூரி இடங்களுக்கும் விரிந்தது. 1951-இல், மருத்துவக் கல்லூரி இடம் குறித்துச் செண்பகம் துரைராசன் தொடுத்த வழக்கில் உச்ச நயன்மன்றம் அதனைச் செல்லாதென்றது. பெரியார் கிளர்ந்தார், தமிழ்நாடே கொதித்தது. அவ்வாண்டே இந்திய அரசியல் சட்டம் முதன்முறையாகத் திருத்தப்பட்டது. மருத்துவக் கல்லூரியின் வாயிலுக்காக நாட்டின் அடிப்படைச் சட்டத்தையே வளைத்த மண் இது!

அவ்வாயில் வழியே உழவன் மகனும் நெசவாளி மகளும் மருத்துவராயினர். அவர்களை நாட்டுப்புறத்திற்கு ஈர்க்கத் தமிழ்நாடு மற்றொரு வழியும் வகுத்தது. அரசுப் பணியிலுள்ள மருத்துவர்க்கு முதுநிலைப் படிப்பில் பாதியிடம் ஒதுக்கியது. இன்று சிற்றூரில் பணி செய். நாளை வல்லுநராகலாம் என்பது அதன் பொருள். 1994-இல் மருத்துவப் பணிகள் கழகத்தை நிறுவி, மருந்துகளை மொத்தமாய் வாங்கித் தொடக்க நலவாழ்வு நிலையங்கள் வரை இலவயமாய்ச் சேர்ப்பித்தது.

1959-இல் புரட்சி வென்றபோது கியூபாவில் ஏறத்தாழ ஆறாயிரம் மருத்துவர் இருந்தனர்; சில ஆண்டுகளில் அவருள் பாதிப்பேர் நாட்டைவிட்டு ஓடினர். அந்நாடு கலங்கவில்லை. எளியோரின் மக்களை மருத்துவராக்கி, ஊர்ப்புறப் பணிக்கு அனுப்பியது. இரண்டிடத்தும் உண்மை ஒன்றே: எவர் மருத்துவராகிறார் என்பதே, எவர்க்கு மருத்துவம் கிட்டும் என்பதை முடிவு செய்கின்றது.

இவ்வுண்மையை உணர்ந்தே தில்லி அடிவேரில் வெட்டியது! 2017 முதல் நீட் என்னும் தேர்வு தமிழ்நாட்டின்மேல் சுமத்தப்பட்டது. பணியிலிருந்த மருத்துவரின் முதுநிலை ஒதுக்கீடும் அவ்வாண்டே முறிந்தது. அவ்வொதுக்கீட்டை வழங்க மாநிலத்திற்கு உரிமையுண்டென உச்ச நயன்மன்றம் 2020-இல் தீர்ப்பளித்தது. நீட்டோ நீங்கவில்லை. விலக்குக் கேட்டுச் சட்டமன்றம் 2021-இலும், ஆளுநர் திருப்பியனுப்பியபின் 2022-இல் மீண்டும் நிறைவேற்றிய சட்டமுன்வடிவுக்குக் குடியரசுத் தலைவர் இசைவு மறுத்துவிட்டார்.

தகுதி வேண்டாவா என்பர். வேண்டும்! ஆனால், மருத்துவரின் தகுதியை அளப்பது ஐந்தரையாண்டுக் கல்வியும் அதன் இறுதித் தேர்வுமே. பயிற்சி நிலையத்திற்குப் பணங்கட்டி ஈராண்டு மூவாண்டு காத்திருக்க வல்லவனைப் பொறுக்கியெடுப்பது தகுதித்தேர்வன்று, பணத்தேர்வு. அரசுப்பள்ளி மாணவர்க்குத் தமிழ்நாடு 2020-இல் வழங்கிய 7.5 விழுக்காடு காயத்திற்குக் கட்டு, காயம் ஆறவில்லை.

தில்லியை மட்டும் பழித்து நாம் தப்பவியலாது. யாழ்ப்பாணத்து மானிப்பாயில், அமெரிக்கரான சாமுவேல் கிறீன் நூறாண்டுக்கும் முன்னரே மேலை மருத்துவத்தைத் தமிழிற் பெயர்த்துத் தமிழிலேயே கற்பித்து மருத்துவரை உருவாக்கினார். அயலவர்க்கு இயன்றது தமிழரசுக்கு இயலாதோ? வெள்ளக்கடைத் தாயின் கையிலுள்ள மருந்துச்சீட்டு இன்னும் ஆங்கிலத்தில் இருப்பானேன்? தான் உண்ணும் மருந்தின் பெயரையே படிக்கவியலாதவளுக்கு உரிமை எங்கே?

தமிழ்மக்களே! நாம் இரப்பது இரவலன்று, வேண்டுவது உரிமை. மருத்துவக் கல்வி மீண்டும் மாநிலத்தின் முழு ஆட்சிக்குள் வரல் வேண்டும். நீட் ஒழிதல் வேண்டும். மலையில் பணியாற்றுவோர்க்கு முதுநிலையில் முதலிடம் வேண்டும். மருத்துவம் தமிழில் கற்பிக்கப்படல் வேண்டும். மருந்துச்சீட்டு தமிழில் எழுதப்படல் வேண்டும்.

வெள்ளக்கடைப் பள்ளியிற் படிக்கும் மலைமகள் மருத்துவராகி அம்மலைக்கே திரும்புநாள் ஒன்று வரும். அந்நாளைத் தில்லி நமக்குத் தாராது. 1951-இல் பெற்றது போலப் போராடிப் பெறுவோம்! எழுக!