அழுக்கின் அளவு

எங்கள் குழுவில் நாவல்களைப் பற்றி எழும் சண்டைகள் அதிகபட்சம் ஒரு மாதம் நீடிக்கும். ஒன்பதரை சென்டிமீட்டர் இறக்கை கொண்ட ஒரு பிளாஸ்டிக் விமானத்தைப் பற்றிய சண்டையோ ஒரு மழைக்காலம் முழுவதும் நீடித்தது. உக்கடத்தில் எங்களில் ஒருவர் வீட்டு மொட்டைமாடியில் ஞாயிறு மாலைகளில் கூடுவது வழக்கம். பழைய புத்தகக் கடைகளில் கிடைத்தவற்றைப் பிரித்துப் பார்த்து முடித்தபின், நான்கைந்து பேர் மாதிரி விமானங்களின் பெட்டிகளைத் திறந்துவிடுவோம். இந்தப் பொழுதுபோக்கை இலக்கியத்துக்குச் செய்யும் துரோகமாகக் கருதும் நண்பர்களும் உண்டு. அவர்களும் இதைப் படிக்க வேண்டும் என்பது எங்கள் விருப்பம். ஏனெனில் இது விவரணையில் எவ்வளவு சொல்லலாம் என்ற கேள்வியும்கூட.

சண்டைக்குக் காரணமான விமானம் நாட். 1965, 1971 போர்களில் இந்திய விமானப்படை பயன்படுத்திய மிகச் சிறிய போர் விமானம். 1/72 அளவில் அது உள்ளங்கையில் அடங்கிவிடும். ஒட்டி, வண்ணம் அடித்து, டீக்கால்களும் பதித்தாயிற்று. மீதமிருந்தவை இரண்டே வேலைகள்: வாஷ் கொடுப்பது, கடைசி வார்னிஷ் பூசுவது.

அறியாதவர்களுக்காக ஒரு சிறு விளக்கம். வாஷ் என்பது நீர்வண்ண ஓவியர்களின் சொல். மிகவும் நீர்த்த இருண்ட வண்ணத்தை மாதிரியின் மேல் ஓடவிட்டால் அது தகட்டுக் கோடுகளிலும் ஆணிக் குழிகளிலும் தேங்கி நிழலைப் போலவும் அழுக்கைப் போலவும் தோன்றும். தேவையற்றதைத் துடைத்துவிடலாம். வார்னிஷ் அதன்மேல் வரும் நிறமற்ற காப்புப் பூச்சு. பளபளப்பு, அரைப்பளபளப்பு, மங்கல் என மூன்று வகை. வாஷைத் தமிழில் 'அலம்பல்' என்று மொழிபெயர்க்கலாமே என்றார் எங்களில் ஒருவர். அச்சொல்லுக்குப் பேச்சுவழக்கில் உள்ள இன்னொரு பொருளும் இங்கே கச்சிதமாகப் பொருந்துவதைப் பின்னர்தான் உணர்ந்தோம்.

நாட்டுக்கு நாங்கள் செய்தது அலம்பல்தான். கருப்பு வாஷ் எல்லாக் கோடுகளிலும் ஓடியது. வயிற்றுப் பகுதியில் எண்ணெய்க் கசிவு, இறக்கையில் பூச்சு உதிர்ந்த தழும்புகள், அவற்றின்மேல் தூசு படிந்ததுபோல் மங்கல் வார்னிஷ். எங்களுக்கோ பெருமை தாங்கவில்லை. சூலூர் விமானப்படைத் தளத்தில் நெடுங்காலம் பணியாற்றி ஓய்வுபெற்ற பெரியவர் ஒருவர் அதைக் கையில் வாங்கினார். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுக்கொண்டு இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தவர் சொன்னார்: "தம்பி, இது எந்த ஸ்குவாட்ரன் வண்டிங்க? இத்தனை அழுக்கோட லைனுக்கு அனுப்பியிருந்தா எங்க வாரண்ட் ஆபீசர் எங்களை உண்டு இல்லைன்னு பண்ணியிருப்பாருங்க."

அவர் கோபிக்கவில்லை; சிரித்துக்கொண்டேதான் சொன்னார். ஆனால் அன்றிரவு எங்களில் யாருக்கும் அந்த மாதிரியைப் பார்க்கப் பிடிக்கவில்லை. நாங்கள் யதார்த்தம் என்று நினைத்துப் பூசியது, அவர் வாழ்நாளெல்லாம் துணியும் கரைப்பானுமாக நின்று துடைத்தெடுத்த ஒன்று.

கணக்குப் போட்டுப் பார்த்தாலும் அவர் பக்கமே நியாயம். 1/72 மாதிரியில் ஒரு தகட்டுக் கோட்டின் அகலம் 0.2 மில்லிமீட்டர் என்று கொள்வோம். அதை 72 மடங்கு பெருக்கினால் 14 மில்லிமீட்டரைத் தாண்டுகிறது. விரலை நுழைக்கத்தக்க இடைவெளிகளோடு எந்த விமானமும் பறக்காது. அந்தப் பள்ளத்தில் கருப்பையும் நிரப்பினால் பொய் இரட்டிப்பாகிறது. மாதிரியை முப்பது சென்டிமீட்டர் தொலைவில் வைத்துப் பார்ப்பது உண்மை விமானத்தை ஏறத்தாழ 22 மீட்டர் தள்ளி நின்று பார்ப்பதற்குச் சமம். அந்தத் தொலைவில் கோடுகள் மெல்லிய ஐயமாகவே தெரியும். எனவே வெளிர்சாம்பல் விமானத்துக்குக் கருப்பு வாஷ் ஆகாது. அடிவண்ணத்தைவிட ஓரிரு படிகள் மட்டுமே இருண்ட சாம்பல் போதும்.

இதற்கு நூல்களைத் தேட வேண்டியதில்லை, திருச்சி சாலையில் கிழக்கே சூலூர்வரை போனால் போதும். 2018-இல் 45-ஆம் ஸ்குவாட்ரன் தேஜஸ் விமானங்களுடன் அங்கே வந்தது. 2020 மே 27 அன்று 18-ஆம் ஸ்குவாட்ரன் தேஜஸுடன் அங்கே மீண்டும் உயிர்பெற்றது. தேஜஸின் கட்டமைப்பு எடையில் ஏறத்தாழ 45 விழுக்காடு கூட்டுப்பொருள். மேற்பரப்பிலோ பெரும்பகுதி அதுவே. தகடு தகடாக ஆணியடித்துச் செய்த உடலல்ல அது. அதன்மேல் கோட்டுக்குக் கோடு வாஷ் ஓட்டுவது, கான்கிரீட் சுவரில் செங்கல் வரி வரைவதற்கு ஒப்பாகும். அதற்கு அரைப்பளபளப்புக்கும் மங்கலுக்கும் இடைப்பட்ட வார்னிஷே போதும், வாஷ் திறந்து மூடும் பாகங்களில் மட்டும். சூலூரைத் தளமாகக் கொண்ட சாரங் குழுவின் மயில் தீட்டிய ஹெலிகாப்டர்கள் நேர் எதிர். அவை கண்காட்சிக்கென்றே மெருகேற்றப்பட்டவை, அவற்றுக்குப் பளபளப்பு வார்னிஷைத் தவிர வேறெதுவும் பொருந்தாது. 2025 செப்டம்பர் 26 அன்று சண்டிகரில் விடைபெற்ற மிக்-21 மூன்றாம் வகை. 1960களில் வெறும் உலோக நிறத்தில் பறந்த அவ்விமானங்களுக்கு 1971 போரின்போது அவசரமாக உருமறைப்பு வண்ணம் பூசினார்கள். வெறும் உலோகத்தின்மேல் மங்கல் வார்னிஷ் அடித்தால் உலோகம் செத்துவிடும். 1971-இன் அவசரப் பூச்சுக்கோ மங்கலே உயிர். ஆக, எந்த வார்னிஷ் சிறந்தது என்ற கேள்வியே பிழை. எந்த விமானம், எந்த ஆண்டு என்று கேட்ட பிறகே புட்டியைத் திறக்க வேண்டும்.

நிற்க. கைவேலையைப் பற்றியும் சொல்லிவிட வேண்டும், இங்கேதான் பலரும் வழுக்கி விழுகிறார்கள். மங்கல் மாதிரிதான் வேண்டுமென்றாலும் முதலில் பூச வேண்டியது பளபளப்பு வார்னிஷ். மங்கலான பரப்பு நுண்ணிய அளவில் சொரசொரப்பானது. அதன்மேல் டீக்காலை ஒட்டினால் அடியில் காற்று சிக்கி வெள்ளி போல் மின்னும். வாஷும் சொரசொரப்பில் கறையாகப் பரவிவிடும். வழுவழுப்பான பரப்பிலோ கோட்டைப் பிடித்துக்கொண்டு தானே ஓடும். ஆகவே வண்ணம், பளபளப்பு, டீக்கால், மீண்டும் மெல்லிய பளபளப்பு, வாஷ், கடைசியாக வேண்டிய வார்னிஷ் என்பதே வரிசை.

எங்கள் வாஷுக்கு விலையுயர்ந்த புட்டி எதுவும் தேவைப்படவில்லை. ஓவியப் பொருள் கடையில் கிடைக்கும் எண்ணெய் வண்ணக் குழாயிலிருந்து பழுப்பும் கருப்பும் ஒரு துளி, அதைக் கரைக்க டர்பன்டைன். அடியில் அக்ரிலிக் வார்னிஷ் நன்றாகக் காய்ந்திருந்தால் டர்பன்டைன் அதை ஒன்றும் செய்யாது. அரைமணி நேரம் கழித்துக் காற்று ஓடும் திசையில், அதாவது மூக்கிலிருந்து வாலை நோக்கித் துடைக்கலாம். பிடிக்கவில்லையென்றால் முழுவதையும் அழித்துவிடலாம். எனாமல் வார்னிஷின்மேல் இதைச் செய்தால் அடிப்பூச்சும் கலங்கி வரும். பூச்சில்லாத பிளாஸ்டிக்கில் பட்டால் அழுத்தத்தில் உள்ள மூட்டுகள் விரிசல் விடும். தச்சர்கள் மரத்துக்கு அடிக்கும் என்.சி. லாக்கர் மலிவாகக் கிடைக்கிறதே என்று எங்களில் ஒருவர் ஒரு மிக்-21-இன்மேல் அடித்தார். டீக்கால்கள் வெந்த அப்பளம்போல் சுருங்கின. அந்தத் தின்னருக்கு மரம் தாங்கும், பாலிஸ்டைரீன் தாங்காது.

கோவையின் காற்றையும் மறக்கலாகாது. தென்மேற்குப் பருவத்தில் பாலக்காட்டுக் கணவாய் வழியே வரும் ஈரக்காற்றில் லாக்கர் ஸ்பிரே அடித்தால், கரைப்பான் ஆவியாகும் வேகத்தில் பரப்பு குளிர்ந்து ஈரம் படிந்து வெண்படலம் பூத்துவிடும். மங்கல் வார்னிஷின் மங்கலுக்குக் காரணம் பெரும்பாலும் அதில் கலந்துள்ள நுண்சிலிக்கா. அது அடியில் தங்கிவிடும். நன்றாகக் குலுக்காவிட்டால் ஓரிடம் மினுங்கும், ஓரிடம் உறைபனிபோல் வெளுக்கும். சாரல் நாளில் வார்னிஷ் புட்டியை மூடி வைத்துவிட்டுப் புத்தகம் படிப்பதே நலம்.

எதிர்க்கட்சியின் வாதத்தை மறைக்க விரும்பவில்லை. சிறிய பொருளின்மீது ஒளி பெரிய பொருளின்மீது விழுவதைப்போல் விழாது. நிழலைத் தீட்டிக் காட்டாவிட்டால் மாதிரி பொம்மையாகவே நிற்கும் என்பார்கள். பெல்ஜியத்தின் பிரான்சுவா வெர்லிண்டன் 1980களில் வாஷையும் உலர்தூரிகையையும் உலகெங்கும் பரப்பியதற்குப் பின்னால் இருப்பது இந்த நியாயமே. அதை ஏற்கிறோம். அழுக்கே பொய் என்பதும் எங்கள் கட்சியல்ல. ஏறி இறங்கும் இறக்கை அடியில் பூட்ஸின் தேய்மானம் உண்டு. பீரங்கி வாயில் புகைக்கறை உண்டு. கப்பலில் நின்று உப்புக்காற்று தின்ற விமானத்தின் தோற்றமே வேறு. எங்கள் மறுப்பு, எந்த விமானத்தின் எந்த நாள் என்று கேளாமல் பழக்கத்தால் பூசப்படும் அழுக்குக்கு. சோகம் வேண்டுமென்பதற்காகவே கதையில் ஒரு சாவை வைக்கும் எழுத்தாளரை நாம் மன்னிப்பதில்லை. இங்கு மட்டும் ஏன் மன்னிக்க வேண்டும்?

பழைய புத்தகக் கடைகளில் அலைந்தவர்களுக்கு வேறொன்றும் தெரியும். கிழிந்த முதுகைக் காப்பாற்ற யாரோ அன்போடு ஒட்டிய செலோ டேப், இருபது ஆண்டு கழித்து மஞ்சளாகிக் காகிதத்தையும் சேர்த்துத் தின்றிருக்கும். பழைய எனாமல் வார்னிஷ்களும் அப்படித்தான் மஞ்சளாகும். வெள்ளைப் பட்டைகள் முதலில் காட்டிக்கொடுக்கும். வாஷை அழிக்கலாம், கடைசி வார்னிஷை அழிக்க முடியாது. ஆகவே மஞ்சளாகாத அக்ரிலிக்கை மெல்லியதாக இரண்டு முறை, நடுவே ஒரு நாள் இடைவெளி விட்டு அடிப்பதே எங்கள் பரிந்துரை.

அந்த நாட் என்னவாயிற்று என்று கேட்கலாம். கடைசி வார்னிஷ் முடிந்துவிட்டதால் அதைத் திருத்த வழியில்லை. அலமாரியில் அப்படியே இருக்கிறது. இன்னொரு பெட்டி வாங்கினோம். 18-ஆம் ஸ்குவாட்ரன் ஒருகாலத்தில் நாட் விமானங்களை ஓட்டிய படைப்பிரிவு. 1971 டிசம்பர் 14 அன்று ஸ்ரீநகர் தளம் தாக்கப்பட்டுக்கொண்டிருந்தபோதே நாட்டில் மேலெழுந்து சேபர்களை எதிர்த்து உயிர்நீத்த நிர்மல்ஜித் சிங் சேகோன் அப்பிரிவைச் சேர்ந்தவர். விமானப்படையில் பரம்வீர் சக்ரா பெற்ற ஒரே வீரர். குண்டு விழும்போது சட்டென்று கிளம்ப ஒரு விமானம் தயாராக நின்றதென்றால், அதற்கு முந்தைய இரவுவரை பெயர் தெரியாத பலர் அதைத் துடைத்துச் சரிபார்த்திருக்கிறார்கள் என்று பொருள். அவர்களுடைய உழைப்பை மாதிரியில் காட்ட எந்தக் கடையிலும் புட்டி விற்பதில்லை. அழுக்கை அளவோடு நிறுத்தினால் அது தானே தெரியும் என்று நம்புகிறோம்.

இரண்டாவது நாட்டுக்கு வாஷ் கொடுத்துத் துடைத்தாயிற்று. கோடுகள் இருக்கின்றனவா என்று உற்றுப்பார்க்க வேண்டியிருக்கிறது. வார்னிஷ் இன்னும் அடிக்கவில்லை. மழை விட்டதும், பெரியவரிடம் ஒருமுறை காட்டிவிட்டு அடிப்பதாக இருக்கிறோம்.