மூன்றரை மாத ஊசியும் மலையேறும் ஜீப்பும்

தேனி மாவட்டத்தின் கம்பம், கூடலூர், போடி பகுதிகளில் விடியும் முன்பே ஜீப்புகள் கிளம்பிவிடுகின்றன. கம்பம்மெட்டு, குமுளி, போடிமெட்டு வழியாகக் கேரளத்தின் இடுக்கி மாவட்டத்து ஏலத்தோட்டங்களுக்குப் பெண்களை ஏற்றிச் செல்லும் அந்த ஜீப்புகள் ஊர் திரும்பப் பொழுது சாய்ந்துவிடும். அரசு சுகாதார நிலையங்களில் தடுப்பூசி போடுவது புதன்கிழமை, பகல் நேரத்தில். தோட்டத்திலேயே தங்கி வேலை செய்யும் குடும்பத்துக்கும் இதே கதைதான். கேரளத்திலும் தடுப்பூசி நாள் புதன்தான்.

தடுப்பூசிக்குக் கிழமை குறித்தவர்கள் தோட்டக் கூலிப் பெண்ணின் வாரத்தை நினைத்துப் பார்க்கவில்லை. அதை இப்போதாவது நினைக்க வேண்டும்.

ஒன்றரை மாத ஊசி, இரண்டரை மாத ஊசி, மூன்றரை மாத ஊசி என்று தாய்மார்கள் சொல்வதும், சுகாதாரச் செவிலியர்கள் ‘பென்டா’ என்று சுருக்கிச் சொல்வதும் பென்டாவேலன்ட் தடுப்பூசியைத்தான். இடது தொடையில் அரை மில்லி. தொண்டை அடைப்பான், கக்குவான் இருமல், ரணஜன்னி, மஞ்சள் காமாலை பி ஆகிய நான்கோடு ஐந்தாவதாக ஒரு கிருமியையும் அது தடுக்கிறது. முதல் நான்கும் வீட்டுப் பெரியவர்களுக்குத் தெரிந்த பெயர்கள். ஐந்தாவதான ‘ஹிப்’, அதாவது ஹீமோபிலஸ் இன்ஃப்ளூயன்ஸே பி வகைப் பாக்டீரியா, யாருக்கும் தெரியாது. பெயரில் இன்ஃப்ளூயன்ஸா இருந்தாலும் ஃப்ளூ காய்ச்சலுக்கும் இதற்கும் தொடர்பில்லை.

நோய் எதுவுமில்லாதவரின் மூக்கிலும் தொண்டையிலும்கூட இந்தக் கிருமி இருக்கும். இருமலிலும் தும்மலிலும் பரவும். ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தையின், அதிலும் கைக்குழந்தையின், நுரையீரலுக்குள் இறங்கினால் நிமோனியா. ரத்தத்தில் கலந்து மூளையுறையை எட்டினால் மூளைக்காய்ச்சல். பால் குடிக்க மறுக்கும், வீறிட்டு அழும், உச்சிக்குழி புடைத்துக்கொள்ளும், வலிப்பு வரும். மாந்தம் என்றும் தொக்கம் என்றும் வைத்தியம் பார்த்து ஒரு நாள் போனாலும் போனதுதான். கானாவிலக்கில் உள்ள தேனி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை, கம்பத்திலிருந்து 40 கிலோமீட்டருக்கு மேல். மேகமலையிலிருந்தோ வருசநாட்டு மலைக்குடிகளிலிருந்தோ அங்கே போய்ச் சேர்வது இன்னும் பெரும்பாடு.

நல்ல மருந்து கிடைத்து மூளைக்காய்ச்சலிலிருந்து பிழைத்த குழந்தைகளிலும் 15 முதல் 30 சதவீதத்தினருக்குக் காது கேளாமையோ நிரந்தர நரம்பு பாதிப்போ தங்கிவிடுகிறது. காது கேளாத குழந்தைக்குச் செவியினுள் கருவி பொருத்த முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டம் உதவுகிறது, நல்ல காரியம். அந்த நிலைக்குப் போகாமல் தடுக்கும் ஊசி, நம் தெரு சுகாதார நிலையத்தின் குளிர்பெட்டியில் இலவசமாக இருக்கிறது.

இந்த நோய் மேலைநாடுகளின் கவலை, நமக்கு எதற்கு என்று ஒரு காலத்தில் வாதம் நடந்தது. வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரி ஆய்வாளர்கள் ஊர் மக்களிடையே கணக்கெடுத்தபோது, ஒரு வயதுக்குட்பட்ட ஒரு லட்சம் குழந்தைகளில் ஆண்டுக்குச் சுமார் 32 பேருக்கு ஹிப் மூளைக்காய்ச்சல் வந்தது தெரிந்தது. நிமோனியா இதில் சேராது. தடுப்பூசியை அரசுத் திட்டத்தில் சேர்க்க 2008-ல் பரிந்துரை வந்தது. 2011 டிசம்பரில் நாட்டிலேயே முதலாவதாகத் தமிழ்நாடும் கேரளமும் தொடங்கின. உலக அளவில் 2000-ல் ஏறத்தாழ மூன்று லட்சமாக இருந்த ஹிப் குழந்தை இறப்புகள், 2015-ல் முப்பதாயிரத்துக்கும் கீழே வந்துவிட்டதாக மதிப்பீடுகள் சொல்கின்றன.

பயமும் இருக்கிறது, அதைப் பழிக்கக் கூடாது. 2008 ஏப்ரலில் திருவள்ளூர் மாவட்டத்தில் தட்டம்மை ஊசி போட்ட நான்கு குழந்தைகள் இறந்ததை இந்த மாநிலம் மறக்கவில்லை. அதே ஆண்டு இலங்கையில் பென்டா ஊசிக்குப் பின் சில குழந்தைகள் இறந்ததால் அங்கே திட்டம் நிறுத்தப்பட்டு, விசாரணைக்குப் பிறகு 2010-ல் மீண்டும் தொடங்கியது. இலங்கை, பூடான், இந்தியா, வியட்நாம் நிகழ்வுகளை 2013-ல் ஆராய்ந்த உலக சுகாதார நிறுவனத்தின் தடுப்பூசிப் பாதுகாப்புக் குழு, வழக்கத்துக்கு மாறான எந்தப் பாதிப்புக்கும் இந்த ஊசி காரணமாகத் தெரியவில்லை என்று சொன்னது. காய்ச்சலும் ஊசி போட்ட இடத்தில் வீக்கமும் வரத்தான் செய்யும்; ஓரிரு நாளில் தணியும்.

அந்தக் காய்ச்சல்தான் கூலிக்காரத் தாயின் கணக்கைக் குலைக்கிறது. புதன்கிழமைக் கூலி ஊசியோடு போகிறது. மறுநாள் குழந்தை உடம்பு கொதிக்க முனகினால் வியாழக்கிழமைக் கூலியும் போகும். இரண்டு முறை இப்படி இழந்தவள் மூன்றாவது ஊசிக்குத் தயங்கினால் அதை அறியாமை என்று எழுதுவது அநியாயம். முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு உதவித் திட்டத்தில் ஒரு தவணைப் பணத்தை மூன்றாவது பென்டாவோடு அரசு இணைத்தது, இந்தத் தயக்கத்தை உணர்ந்துதான்.

தேசிய குடும்பநல ஆய்வின்படி (2019-21) தமிழ்நாட்டில் தடுப்பூசிகளை முழுமையாகப் போட்டுக்கொண்ட குழந்தைகள் சுமார் 89 சதவீதம். பெருமைப்படத்தக்க எண்தான். எஞ்சிய பதினொன்றில் யார் இருக்கக்கூடும் என்பதைத்தான் தேனி மாவட்டம் தேட வேண்டும்: எல்லை தாண்டி வேலைக்குப் போகிறவர்கள், மலைக்குடியில் வாழும் பளியர்கள், முதுவர்கள், இந்தி பேசும் புதிய தொழிலாளர் குடும்பங்கள்.

தேனி மாவட்ட நிர்வாகம் கம்பம், சின்னமனூர், உத்தமபாளையம், போடி ஆகிய நான்கு ஊர்களிலாவது புதனோடு ஞாயிற்றுக்கிழமை காலையிலும் ஊசி போட ஏற்பாடு செய்ய வேண்டும். ஞாயிறு பணிபுரியும் செவிலியருக்கு ஈடான விடுப்பும் தர வேண்டும். இருக்கும் ஆட்களையே பிழிவது தீர்வாகாது. தேனியும் இடுக்கியும் தவணை தவறிய குழந்தைகளின் பட்டியலை மாதந்தோறும் பரிமாறிக்கொள்ளட்டும். எங்கே போட்டாலும் பதிவாகும்படி மத்திய அரசின் ‘யு-வின்’ தளம் இருக்கும்போது, “அட்டை அந்த ஊருது, அங்கேயே போய்ப் போட்டுக்கோங்க” என்று எந்தத் தாயையும் திருப்பி அனுப்பக் கூடாது.

பிரிட்டன் தரும் எச்சரிக்கையும் உண்டு. 1992-ல் கூடுதல் தவணை இல்லாமல் மூன்று ஊசியோடு தொடங்கிய அந்த நாட்டில் 1999-க்குப் பின் ஹிப் மீண்டும் தலைதூக்கியது; 2006-ல் ஒரு வயதில் கூடுதல் ஊசி சேர்க்கப்பட்டது. இந்திய அரசுத் திட்டத்திலும் மூன்று ஊசிதான். தனியார் மருத்துவமனைகளில் ஒன்றரை வயதில் கூடுதல் ஊசி போடப்படுகிறது. நமக்கும் அது தேவையா என்பதைத் தரவுகளே சொல்ல வேண்டும். அதற்காகத் தேனி மருத்துவக் கல்லூரியில் மூளைக்காய்ச்சலோடு சேரும் ஒவ்வொரு குழந்தையின் தண்டுவட நீரும் பரிசோதிக்கப்பட்டு, எந்தக் கிருமி என்பது பதிவாக வேண்டும்.

தோட்ட முதலாளிகளுக்கும் இதில் பங்கு உண்டு. கைக்குழந்தை வைத்திருக்கும் தொழிலாளிக்கு மூன்று தவணைக்கும் ஊசி நாளிலும் மறுநாளிலும் கூலியோடு விடுப்பு என்றால் மொத்தம் ஆறு நாள் கூலி. ஏலக்காய் வணிகத்துக்கு அது பாரமாகாது. இரு மாநிலத் தொழிலாளர் துறைகளும் தோட்ட உரிமையாளர் சங்கங்களை அழைத்துப் பேசி, அடுத்த பறிப்புப் பருவத்துக்குள் இதை எழுத்தில் வாங்க வேண்டும்.