முழக்கம் வேறு, ஆழம் வேறு

கைக்கடக்கமான சப்வூஃபரை வீட்டிலேயே செய்து, அதன் ஆழத்தைப் புகழும் அன்பர்களிடம் ஒரு கேள்வி: அளந்து பார்த்தீர்களா? ‘காதே போதும்’ என்பது வழக்கமான பதில். போதாது.

30 ஹெர்ட்ஸில் ஒத்ததிரும் ஓர் ஒலிபெருக்கி. அதன் கூம்பின் நெகிழ்ச்சிக்கு நிகரான காற்று 60 லிட்டர் என்க. அதை 20 லிட்டர் மூடிய பெட்டியில் பொருத்தினால் ஒத்ததிர்வு 60 ஹெர்ட்ஸுக்கு ஏறிவிடும். அதற்கும் கீழே, ஸ்தாயிக்கு 12 டெசிபல் வீதம் ஒலி சரியும். பெட்டி மேலும் சுருங்கச் சுருங்க, அவ்விளிம்பில் மேடு எழும். எப்பாட்டுக்கும் ஒரே சுரம் அதிரும். செவியோ அதை ஆழமென்று மயங்கும்.

1954இல் எட்கர் வில்ச்சர் சிறிய மூடிய பெட்டியில் ஆழ்ந்த ஒலியைப் பெறவில்லையா என்பர். பெற்றார், செயல்திறனை விலையாகக் கொடுத்தே பெற்றார். ஹாஃப்மனின் இரும்பு விதி கூறுவதும் இதுவே: சிற்றளவு, ஆழம், செயல்திறன் ஆகிய மூன்றில் இரண்டே கிட்டும். மின்வழியே ஈடுகட்ட முனைந்தாலும், ஒரு ஸ்தாயி கீழிறங்கி அதே உரப்பை எட்டக் கூம்பு நான்கு மடங்கு நகர வேண்டும்.

அளப்பது அரிதன்று. டி. பி. கீல் 1974இல் விளக்கிய முறைப்படி, ஒலிவாங்கியைக் கூம்பை ஒட்டி வைத்தால் அறையின் குறுக்கீடு பெரிதும் விலகும். அந்த வரைபடத்தை மறைத்துப் பெட்டியின் பளபளப்பை மட்டும் காட்டுவதால் ஏமாறுபவர், நம்மை நம்பி மரமும் பணமும் செலவிடும் புதியவரே. வரைபடமின்றி இனி எவரும் ஆழம் பேச வேண்டாம்.