பேடைக் கழற்றும் முன்

“பிரேக் பிடிச்சா முன்னாடி டொக்குன்னு ஒரு சத்தம் வருது.” கார்க்காரர் இதைச் சொல்லி முடிப்பதற்குள் பல பட்டறைகளில் ஜாக்கி ஏறிவிடுகிறது. முதலில் பேட் மாறும், பிறகு லிங்க் ராடு, அதற்கும் சத்தம் நிற்காவிட்டால் லோயர் ஆர்ம். மூன்று பாகத்துக்குக் காசு கொடுத்தவர் அதே சத்தத்தோடு வீடு போகிறார். இந்தப் பழக்கத்தை நாம் விட்டாக வேண்டும்.

வீல் நட்டும் காலிப்பர் பிராக்கெட் போல்ட்டும் இறுக்கமாக இருக்கின்றனவா, பால் ஜாயிண்டில் ஆட்டம் உண்டா என்று முதலில் பாருங்கள். இவற்றில் ஒன்று தளர்ந்திருந்தாலும் வண்டியை ரோட்டில் எடுக்கக் கூடாது. எல்லாம் சரி என்றால், ஆள் நடமாட்டமில்லாத இடத்தில் நடை வேகத்தில் ரிவர்ஸ் எடுத்து ஒரு முறை பிரேக் அடியுங்கள். பிறகு முன்னே நகர்ந்து, அதே திசையில் இரண்டு மூன்று முறை விட்டுவிட்டுப் பிடியுங்கள். திசை மாறியதும் முதல் பிடியில் மட்டும் “டொக்” கேட்டு, அடுத்தடுத்த பிடிகளில் கேட்காவிட்டால், பெரும்பாலும் பேட்தான் பிராக்கெட்டுக்குள் நகர்கிறது. டிஸ்க் சுழலும் பக்கமாகப் பேட் தள்ளப்பட்டு, பிராக்கெட்டின் முனையில் மோதி, அங்கேயே நின்றுவிடுகிறது. திசை மாறும்வரை மறுபடி மோத அதற்கு இடமில்லை. லோயர் ஆர்ம் புஷ் கிழிந்திருந்தால் கதை வேறு. பெடலை விட்டதும் ஆர்ம் பழைய இடத்துக்குத் திரும்புவதால் ஒவ்வொரு பிடியிலும் சத்தம் வரும். பள்ளம் மேட்டில் வரும் லொடலொட சத்தம், பெடலை லேசாக மிதித்ததும் நின்றுபோனால் அப்போதும் முதல் சந்தேகம் பேட், காலிப்பர் மீதுதான்.

புதுப் பேட் போட்டு ஒரு வாரத்தில் சத்தத்தோடு திரும்பும் வண்டிகளில் நான் முதலில் தேடுவது பிராக்கெட்டில் உட்காரும் அந்த மெல்லிய ஸ்டீல் கிளிப்பை. பேடின் காது ஆடாமல் பிடித்து வைப்பது அதுதான். துருப்பிடித்தது என்று தூக்கிப்போட்டு, கிளிப் இல்லாமலே பேடைச் செருகினால் சத்தம் வராமல் என்ன செய்யும்? பழைய கிளிப்பை வளைத்து மாட்டுவதும் தவறு. பேட் செட்டோடு கிளிப் வரவில்லையென்றால் தனியாக வாங்குங்கள். கிளிப் உட்காரும் இடத்தின் துருவைக் கம்பி பிரஷ்ஷால் சுரண்டி எடுத்த பிறகே மாட்டுங்கள்.

ஸ்லைடு பின்னிலும் இதே கவனம் வேண்டும். சில மாடல்களில் இரண்டில் ஒரு பின்னின் நுனியில் மட்டும் ரப்பர் புஷ் இருக்கும். மேலே இருந்ததைக் கீழே மாட்டினால் காலிப்பர் ஆடும், அல்லது இறுகும். சாதாரண வீல் பேரிங் கிரீஸ் ரப்பரை ஊதவைக்கும். பிரேக்குக்கென்று விற்கும் சிலிகான் கிரீஸ்தான் இங்கே சரி. பிராக்கெட் போல்ட்டுக்கும் பின் போல்ட்டுக்கும் இறுக்கும் அளவு ஒன்றல்ல. சிறிய கார்கள் பலவற்றில் முன்னது 100 நியூட்டன் மீட்டரை ஒட்டியும் பின்னது 30-ஐ ஒட்டியும் இருக்கும். கை அளவை நம்பாமல், அந்த மாடலின் மேனுவலைப் பார்த்து டார்க் ரெஞ்ச் போடுங்கள்.

இப்படிச் சோதிக்க அரை மணி நேரம் ஆகும். அந்த நேரத்துக்குப் பில் போடத் தயங்கித்தான் பலரும் பாகத்தை மாற்றிக் காசு பார்க்கிறார்கள். சோதனைக் கூலியை ஜாப் கார்டில் தனி வரியாக எழுதுங்கள். வண்டியை ஓட்டும்போது வாடிக்கையாளரைப் பக்கத்து சீட்டில் உட்காரவைத்து, அவர் சொன்ன சத்தம் இதுதானா என்று அவரிடமே கேளுங்கள்.