அம்மாவின் பென்குவின்கள்

பரணைச் சுத்தம் செய்கிறேன் என்று தனியாக மட்டும் ஏணி ஏறிவிடாதீர்கள், நேயர்களே! அங்கே என்ன அகப்படும் என்று யாருக்குத் தெரியும்? எனக்கு ஓர் அட்டைப் பெட்டி அகப்பட்டது. அதற்குள் ஒரு டி.வி. கேம் யந்திரம், இரண்டு ஜாய்ஸ்டிக், '9999 இன் 1' என்று போட்ட மஞ்சள் கேசட். 1996-ல் அப்பா பர்மா பஜாரில் பேரம் பேசி வாங்கி வந்த சமாசாரம். (9999 ஆட்டம் என்பது சும்மா. முப்பது நாற்பது ஆட்டங்களே பேர் மாற்றிப் பேர் மாற்றித் திரும்பி வரும்.)

யந்திரம் எங்களுக்காக வந்தது என்று நானும் தம்பியும் நினைத்துக் கொண்டிருந்தோம். வாஸ்தவத்தில் அதிகம் ஆடியவள் அம்மா. நாங்கள் பள்ளிக்கூடம் போன பிறகு, சமையல் கட்டை ஒழித்துவிட்டு, மூன்று மணி வரைக்கும் ஆட்டம்தான்! அவளுக்குப் பிடித்தது பென்குவின் ஆட்டம். ஓர் ஆண் பென்குவின், ஒரு பெண் பென்குவின், நடுவே சுவர். இரண்டும் உச்சியிலுள்ள இருதயத்தின் இரு பக்கமும் ஒரே சமயத்தில் வந்து சேர வேண்டும். இதில் வேடிக்கை, ஒரே பொத்தானுக்கு இரண்டும் அசையும். ஒன்று இடப் பக்கம் போனால் மற்றது வலப் பக்கம் போகும். "உங்கப்பா மாதிரியே" என்பாள் அம்மா. அப்பா பக்கத்தில் நாற்காலி போட்டுக்கொண்டு தப்புத் தப்பாக வழி சொல்லுவார்.

அப்பா போய் இரண்டு வருஷம் ஆகிறது. அம்மாவுக்கு முழங்கால் ஆபரேஷனும் ஆயிற்று. வாசலுக்குப் போவதில்லை, டி.வி. சீரியலும் பார்ப்பதில்லை, கூப்பிட்டால் மட்டும் பதில் சொல்வாள். அப்பேர்ப்பட்டவள் பெட்டியைக் கண்டதும், "ஏண்டி, அது இன்னும் ஓடுமா?" என்றாளே! அந்த ஒரு கேள்விக்காகத்தான் இத்தனை பாடும்.

ஓடவில்லை. தம்பி அவசரக்குடுக்கை. வேறு எதற்கோ வாங்கிய அடாப்டரைச் செருகினான், மெல்லிய புகை வந்தது, கதை முடிந்தது. "போனால் போகிறது" என்று அம்மா மறுபடி சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

அப்போதுதான் தம்பி 'எமுலேட்டர்' என்ற பேச்சை எடுத்தான். பெயரைக் கேட்டு மிரளாதீர்கள். கல்யாண வீட்டில் பலகுரல் கலைஞர் ஒருவர் பத்து நடிகர்களைப் போலப் பேசிக் காட்டுகிறார் அல்லவா? அதைப்போல, நம் கம்ப்யூட்டர் பழைய யந்திரத்தைப் போல நடித்துக் காட்டும் வித்தை இது. ஆட்டத்துக்கு வித்தியாசமே தெரியாது. தன் பழைய வீட்டில் இருப்பதாகவே எண்ணிக்கொண்டு ஓடும்.

எங்கள் பெட்டி எதன் நகல் தெரியுமோ? ஜப்பானில் நின்டெண்டோ கம்பெனி 1983-ல் வெளியிட்ட ஃபேமிகாம் என்ற யந்திரத்தின் நகல். அசல் யந்திரத்தின் மூளை விநாடிக்குச் சுமார் 18 லட்சம் துடிப்புத் துடிக்கும். ஞாபகசக்தி வெறும் 2 கிலோபைட். 1985-ல் வந்து உலகையே ஆட்டிவைத்த 'சூப்பர் மாரியோ பிரதர்ஸ்' முழு ஆட்டமும் 40 கிலோபைட்டில் அடக்கம்! நீங்கள் இன்று காலை வாட்ஸப்பில் அனுப்பிய கோலத்தின் படம் அதைவிடப் பெரிதாக இருந்திருக்கும். ஆகையால் இதற்காகப் புதுக் கம்ப்யூட்டர் வாங்க வேண்டாம். பிள்ளைகள் கழித்துப் போட்ட பழைய லாப்டாப் தாராளமாகப் போதும்.

காரியம் இதுதான். 'ரெட்ரோஆர்ச்' என்ற மென்பொருளை அதன் சொந்தத் தளத்திலிருந்தே இறக்கிக்கொள்ளுங்கள், காசு கிடையாது. அது வெறும் மேடைதான். மேடையில் நடிக்கிற ஆசாமிக்குக் 'கோர்' என்று பெயர். 'ஆன்லைன் அப்டேட்டர்' என்ற இடத்தில் கோர்களின் ஜாபிதா வரும். ஃபேமிகாமுக்கு 'நெஸ்டோப்பியா' நல்லது. பிறகு 'லோட் கன்டென்ட்' என்பதில் ஆட்டத்தின் கோப்பைக் காட்டினால் ஆயிற்று. அம்பு விசைகளால் நகரலாம். இசட், எக்ஸ் இரண்டும் பழைய இரு பொத்தான்கள். என்டர் தட்டினால் ஆட்டம் ஆரம்பம். எஃப்1 தட்டினால் மெனு.

ஆனால் ஆட்டத்தின் கோப்புக்கு எங்கே போவது? இங்கேதான் கொஞ்சம் நிதானிக்க வேண்டும். எமுலேட்டர் வைத்திருப்பதில் குற்றமில்லை. ஆட்டம் வேறு, அதற்குச் சொந்தக்காரர் உண்டு. பென்குவின் ஆட்டம் 'பைனரி லேண்ட்' என்ற பெயரில் ஹட்ஸன் ஸாஃப்ட் கம்பெனி 1985-ல் ஃபேமிகாமுக்கு வெளியிட்டது. அந்தக் கம்பெனி 2012-ல் கொனாமியோடு சேர்ந்துவிட்டது. ஆக, அப்பா பேரம் பேசி வாங்கிய மஞ்சள் கேசட்டே திருட்டுச் சரக்கு! பாவம், அது அவருக்குத் தெரியாது. தெரிந்த பிறகு நாமும் இன்டர்நெட்டில் யாரோ வைத்திருப்பதை எடுத்துக்கொள்வதா? எனக்கு மனசு ஒப்பவில்லை. போதாக்குறைக்கு, அந்தத் தளங்களில் பாதி, ஆட்டம் என்று சொல்லி வைரஸைத் தலையில் கட்டிவிடும். ஃபேமிகாம் ஆட்டம் '.நெஸ்' என்று முடிய வேண்டும், '.எக்ஸி' என்று முடிந்தால் தொடாதீர்கள்.

ஒஸாகாவில் வேலையாயிருக்கும் சித்தி பிள்ளை கைகொடுத்தான். அங்கே நிப்பொன்பாஷியில் பழைய கேசட் விற்கும் கடைகள் இருக்கின்றன. அசல் கேசட் ஒன்றையும், அதை வாசித்துக் கம்ப்யூட்டருக்குத் தரும் சின்ன யந்திரத்தையும் வாங்கிக்கொண்டு லீவில் வந்தான். முறைப்படி பிரதி வைத்திருப்பவர் சேதத்துக்குக் காப்பாக ஒரு நகல் எடுத்துக்கொள்ள நம் 1957-ஆம் வருஷத்துக் காப்புரிமைச் சட்டத்தின் 52-வது பிரிவு இடம் கொடுக்கிறது. இவ்வளவு தொல்லை வேண்டாம் என்பவர்களுக்கு வேறு வழியும் உண்டு. பழைய யந்திரத்துக்கென்றே இன்றும் புது ஆட்டங்கள் எழுதுகிறார்கள். 2019-ல் வந்த 'மைக்ரோ மேஜஸ்' அப்படி ஒன்று. அதுவும் மாரியோவைப் போல 40 கிலோபைட்டுக்குள்தான்.

அம்மாவை நாற்காலியில் உட்கார வைத்தோம். பென்குவின்கள் வந்தன. நான் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"இது அது இல்லை" என்றாள்.

"அதேதான் அம்மா! அசல் கேசட்!"

"இல்லேடி. இதுகளுக்கு யாரோ ஸ்ட்ராங் காப்பி கொடுத்துவிட்டார்கள்."

வயசாகிவிட்டது, கை தளர்ந்துவிட்டது என்று நாங்கள் இரண்டு பேரும் கண்ணால் பேசிக்கொண்டோம். மகா தப்பு! அம்மா சொன்னதுதான் சரி. ஜப்பான் டெலிவிஷன் விநாடிக்கு 60 தடவை படத்தைப் புதுப்பிக்கும். நம் நாட்டு முறைக்குப் 'பால்' என்று பெயர். குடிக்கிற பால் அல்ல. அதில் 50 தடவைதான். ஆட்டம் படத்தை எண்ணி எண்ணித்தான் காலடி வைக்கிறது. ஆகவே நம் ஊர் நகல் யந்திரத்தில் பென்குவின்கள் ஆறடி வைக்கிற நேரத்தில் ஐந்தடிதான் வைத்தன. பாட்டும் அப்படியே மெதுவாகப் பாடிற்று. அம்மாவின் விரல்கள் முப்பது வருஷமாக அந்தத் தாளத்தை ஞாபகம் வைத்திருந்திருக்கின்றன!

நெஸ்டோப்பியாவின் ஆப்ஷன்களில் எந்த நாட்டு முறை என்று கேட்கும் இடத்தில் 'டெண்டி' என்று ஒன்று இருந்தது. 1992-ல் ருஷ்யாவில் விற்பனைக்கு வந்த நகல் யந்திரத்தின் பெயர் அது. நமக்கு வந்தவையும் பெரும்பாலும் அதே ஜாதி. அதை மாற்றினோம். பாட்டு ஒரு பிடி தளர்ந்தது. அம்மா ஒன்றும் சொல்லவில்லை. நாற்காலியை மட்டும் முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டாள்.

கட்டைவிரல் வலிக்கிறது என்று ஜாய்ஸ்டிக்கைத் தள்ளிவிட்டாள். சிலந்தி வலைக்கு மருந்து அடிக்கிற பொத்தானை, கீபோர்டிலேயே பெரிய விசையான ஸ்பேஸுக்கு மாற்றிக் கொடுத்தோம். தட்டினாளோ இல்லையோ, பென்குவின்கள் ரயிலைப் பிடிக்கப் போவதுபோல் ஓட ஆரம்பித்துவிட்டன! ஆட்டத்தைத் துரிதப்படுத்தும் வேலையை ரெட்ரோஆர்ச் அந்த விசைக்குத்தான் முதலிலேயே கொடுத்து வைத்திருக்கிறது. 'ஹாட்கீஸ்' பகுதியில் போய் அதை எடுத்துவிட்ட பிறகுதான் நிம்மதி. நீங்கள் முதலிலேயே எடுத்துவிடுங்கள்.

எஃப்2 தட்டினால் ஆட்டம் அந்த நிலையிலேயே பத்திரமாகும், எஃப்4 தட்டினால் தோற்ற பிறகும் அங்கிருந்தே தொடரலாம் என்று தம்பி வெகு உற்சாகமாக விளக்கினான். "அழுகுணி ஆட்டமெல்லாம் எனக்குச் சொல்லித் தராதே" என்று அம்மா அவன் கையைத் தட்டிவிட்டாள்.

இப்போது மத்தியானம் ஒரு மணிக்கு மேல் யாரும் அம்மாவுக்குப் போன் செய்யக் கூடாது. நேற்று ஆபீஸில் இருந்தபோது அவளே கூப்பிட்டாள். என்னவோ ஏதோ என்று பதறி எடுத்தேன்.

"பன்னிரண்டாவது கட்டம் தாண்டிவிட்டேன். பக்கத்து வீட்டு மாமிக்கும் ஆட வேண்டுமாம். வரும்போது உட்கார இன்னொரு மெத்தை வாங்கி வா. அப்பாவுடைய நாற்காலி ரொம்பக் கட்டையாயிருக்கு, பாவம், அவள் எப்படி உட்காருவாள்?"